ஜோர்ஜின் ஓக் மரம் எங்கே பிறந்தது

தம்பி,

ஜனவரியில் நீ கோபத்தோடு தொலைபேசியை வைத்த பிறகு நாங்கள் இரண்டு பேரும் கதைத்ததெல்லாம் கலியாண வேலைகளைப் பற்றித்தான். ஐயருக்கு எத்தனை மணிக்குக் கார் அனுப்புவது, சிட்னியிலிருந்து வரும் உன் சிநேகிதர்களை எங்கே தங்கவைப்பது, எமிலி வீட்டுப் பண்ணையில் வெயில் கூடினால் பந்தல் போதுமா என்று நான் கேட்பேன். எல்லாவற்றுக்கும் நீ மரியாதையாகப் பதில் சொல்வாய். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் பிள்ளை என்னோடு சண்டை போடுவான், சிரிப்பான், பாதிக் கதையில் விட்டுவிட்டுப் போய் மறந்துவிடுவான். வங்கியிலிருந்து போன் எடுப்பவர்கள் மாதிரிக் கதைக்க மாட்டான். வருகிற சனிக்கிழமை உனக்கும் எமிலிக்கும் கலியாணம். அதற்கு முன்னால், அன்று ஜோர்ஜ் வீட்டுக் குசினியில் என்ன நடந்தது என்பதை உனக்கு ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும். எமிலி கொஞ்சம் சொல்லியிருப்பாள், ஆனால் அவள் அன்றைக்கு அங்கே இருக்கவில்லை. அவளுடைய அப்பப்பா ஜோர்ஜ் எதையும் இரண்டு வசனத்துக்கு மேல் சொல்லுகிறவர் இல்லை. உன் அப்பா சொன்னால் ஒவ்வொரு தரமும் வேறு கதை வரும். ஆகவே நான் எழுதுகிறேன். ஆறுதலாக வாசி. எமிலிக்கும் வாசித்துக் காட்டு.

நானும் அப்பாவும் முதன்முதலாக அந்தப் பண்ணைக்குப் போனது போன வருடம் ஜூலைக் குளிரில். ஜோர்ஜ் எங்களுக்குக் கை கொடுத்துவிட்டு வீட்டுக்குள் கூட்டிப்போகவில்லை, நேரே அந்த ஓக் மரத்தடிக்குத்தான் கூட்டிப்போனார். அவ்வளவு பெரிய மரத்தை நான் வேலை விஷயமாகக்கூட அதிகம் பார்த்ததில்லை. அவருடைய பாட்டனாரின் தாய் ஹன்னா, கலியாணம் முடித்த புதிதில் இங்கிலாந்திலிருந்து கப்பலேறியபோது, தன் ஊர் ஓக் மரத்தின் கொட்டை ஒன்றை உடுப்புப் பையில் போட்டுக்கொண்டு வந்தாளாம். அதுதான் இந்த மரம் என்றார். ஊரின் பெயர் மட்டும் யாருக்கும் நினைவில்லை. வாசல் இரும்புக் கதவில் ஓக் இலை, ஆட்டு மயிர் மூட்டைகளில் குத்துகிற அடையாளம் ஓக் இலை, எமிலியின் கழுத்துச் சங்கிலியில் தொங்குவதும் அதே இலை. தாயும் தகப்பனும் இல்லாமல்போன எமிலியை வளர்த்து ஆளாக்கியவர் அவர். அவளுடைய தகப்பனின், அதாவது தன்னுடைய ஒரே மகனின் சாம்பலை அந்த மரத்தின் வேர்களுக்கிடையில்தான் புதைத்தாராம். அதைச் சொல்லும்போது அவர் எங்களைப் பார்க்கவில்லை, மரத்தைப் பார்த்தார்.

அன்றைக்கே எனக்கு ஒரு விஷயம் கண்ணில் பட்டது. நல்ல குளிர்காலம். தெருவோரத்து ஓக் மரங்களெல்லாம் மொட்டையாக நின்றன. ஜோர்ஜின் மரத்தில் மட்டும் பாதி இலை இன்னும் இருந்தது. எங்கள் குடும்பத்துப் பிடிவாதம் என்று அவர் சொல்லிச் சிரித்தார். நான் ஒரு இலையை எடுத்துப் பார்த்தேன். ஆங்கிலேய ஓக்கின் இலைக்குக் காம்பு இருப்பதே தெரியாது. இதற்குக் காம்பு நன்றாக நீண்டிருந்தது. இத்தனை வருடம் தாவர மரபணு ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவளுக்கு அது போதும். ஆனால் பெண் வீட்டுக்கு முதல்நாள் போய் யாரும் அவர்களுடைய மரத்தைப் பற்றிச் சந்தேகம் கேட்பார்களா? இலையை மெதுவாகக் கீழே போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன்.

ஓக் மரம் மற்றவர்களுக்கு என்ன என்பது உனக்கும் எனக்கும் சட்டென்று விளங்காது. எங்கள் ஆய்வுகூடத்தில் மத்தியானச் சாப்பாட்டு மேசையில் ஒருநாள் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. ஓக் எங்கள் மரம், அதில்தான் எங்கள் அரசன் ஒருவன் எதிரிகளுக்கு ஒளித்திருந்தான், அதில்தான் எங்கள் போர்க்கப்பல்களைக் கட்டினோம் என்றாள் இங்கிலாந்துக்காரி. எங்கள் காசிலேயே அதன் இலைதான் இருந்தது என்றான் ஜெர்மன்காரன். லத்வியாவிலிருந்து வந்தவள் இரண்டு பேரையும் பார்த்து, எங்கள் ஊரில் நடுக்கோடைத் திருநாளுக்கு ஆண்கள் தலையில் ஓக் இலை முடிதான் வைப்பார்கள், நீங்கள் பிறகு வந்தவர்கள் என்றாள். உறுதிக்கும் வீரத்துக்கும் நீண்ட ஆயுளுக்கும் எல்லோரும் அதே மரத்தைத்தான் காட்டுகிறார்கள், எல்லோரும் அது தங்களுக்கு மட்டும் சொந்தம் என்கிறார்கள். இந்த நாட்டுக்குக் கப்பலில் வந்தவர்களும் அந்த ஏக்கத்தோடுதான் வந்திருக்கிறார்கள். நீ விடியற்காலையில் பரமட்டா ஆற்றங்கரையில் ஓடுகிறாயே, அங்கே ஊசி ஊசியாகத் தொங்கும் மரங்கள் நம்முடைய சவுக்கு மரத்தின் இனம். பலகையின் கோடுகள் ஓக் போல இருந்ததென்று வந்தவர்கள் அதற்கும் ஓக் என்று பேர் வைத்தார்கள். அந்த மரத்துக்கு அந்த மண்ணின் மக்கள் வைத்த பெயர் முன்னமே இருந்தது. அதை யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

ஆனால் ஓக் மரத்துக்கு இந்தச் சொந்தம் கொண்டாடல் எதுவும் தெரியாது. அது காற்றில் மகரந்தத்தை விடுகிற மரம். காற்று எங்கே கொண்டுபோகிறதோ அங்கே போகும். ஒரு வகை ஓக்கின் மகரந்தம் இன்னொரு வகை ஓக்கின் பூவில் விழுந்தாலும் பல நேரங்களில் காய்த்துவிடும். எங்கே ஒரு வகை முடிகிறது, எங்கே மற்ற வகை தொடங்குகிறது என்று கோடு போட முடியாமல் விஞ்ஞானிகள் தலையைச் சொறிகிற மரம் அது. ஒரு ஓக் கொட்டையைக் கையில் எடுத்தால் தாய் மரம் எதுவென்று சொல்லலாம், அது தலைக்கு மேலே நிற்கும். தகப்பன் மரம் எங்கே நிற்கிறதென்று சொல்ல முடியாது.

செப்டெம்பரில் அந்தப் பெரும் காற்று அடித்தபோது ஜோர்ஜின் மரம் நடுவால் பிளந்து பாதி சரிந்தது உனக்குத் தெரியும். எமிலி உன் தோளில் சாய்ந்து அழுதாள் என்று நீயே சொன்னாய். மரம் பார்க்கிற ஆள் வந்து, மீதிப் பாதிக்கு இரும்புக் கம்பி கட்டினால் இன்னும் நீண்ட காலம் நிற்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த கிழமை ஜோர்ஜ் எனக்குப் போன் எடுத்தார், அதுவரையில் அவர் என்னோடு தனியாகக் கதைத்ததே இல்லை. ஓக் மரத்தின் மரபணுவைப் பார்த்து அது எந்தப் பகுதியிலிருந்து வந்ததென்று சொல்ல முடியுமாமே, உண்மையா என்று கேட்டார். ஊரைச் சொல்ல முடியாது, பெரிய பகுதியைத்தான் சொல்லலாம் என்றேன். அது காணும், அவ்வளவு போதும் என்றார். உங்கள் கலியாணம் முடிந்த பிறகு, தன் காலில் பலம் இருக்கும்போதே, ஹன்னா வந்த பக்கத்து ஊர்களை ஒருமுறை போய்ப் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. வாழ்நாளில் அவர் இந்த நாட்டை விட்டு வெளியே போனதில்லை. என் இலைக்காம்புச் சந்தேகத்தை அப்போதே சொல்லியிருக்கலாம். சந்தேகத்தைச் சொல்வதைவிட விடையைச் சொல்வது நல்லது என்று நினைத்தேன்.

எங்கள் பொறுப்பாளரிடம் அனுமதி வாங்கி, வேலை முடிந்த நேரங்களில் அந்தச் சோதனையைச் செய்தேன். ஒப்பிட்டுப் பார்க்கப் பூங்காக்களில் நிற்கும் பல வகை ஓக்குகளின் இலைகளையும் எடுத்துக்கொண்டேன். இலைக்குப் பச்சை நிறத்தைக் கொடுக்கிற சின்னஞ்சிறு உறுப்புக்குள் தனியாகக் கொஞ்சம் மரபுப்பொருள் இருக்கிறது. அது தாய் மரத்திடமிருந்து மட்டும்தான் வரும். மற்றது தாய் பாதி, தகப்பன் பாதி. ஜோர்ஜின் மரத்தில் தாய்வழி வந்தது அல்ஜீரிய ஓக், வட ஆபிரிக்காப் பக்கத்து மரம். தகப்பன் ஆங்கிலேய ஓக். பிழை விட்டேனோ என்று திரும்பவும் புது இலையில் செய்து பார்த்தேன். அதே விடைதான் வந்தது. அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் ஒரு சின்ன ஊரில் அல்ஜீரிய ஓக் நின்றிருக்கும் என்று நினைக்க இடமில்லை. ஆனால் இங்கே விக்டோரியா மாநிலத்தின் பழைய ஊர்ப் பூங்காக்களில் இந்த இரண்டு மரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் நட்டார்கள். அந்தக் கொட்டை கப்பலில் வரவில்லை, தம்பி. இங்கேதான் விழுந்தது.

அன்றிரவு சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். அவர் கையில் எடுத்த இடியப்பத்தைத் திரும்பச் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தார். "கலியாண வீட்டிலே உமக்கு ஏன் இந்த வேலை? முடியட்டும், பிறகு பாப்பம். இல்லாட்டி ஒண்டும் தெரியேல்லை எண்டு சொல்லும்" என்றார். உனக்குப் போன் எடுத்தேன். நீ உடனே சொன்னாய்: "அம்மா, ப்ளீஸ், லீவ் இற். எமிலியின்ர அப்பா அந்த மரத்துக்குக் கீழே இருக்கிறார். நொட் நவ்." இப்போது வேண்டாம், விட்டுவிடுங்கள் என்று நீ சொன்னதில் நியாயம் இருந்தது. அதை அன்றும் மறுக்கவில்லை, இன்றும் மறுக்கவில்லை. ஆனால் என்னால் ஏன் அதைக் கேட்க முடியவில்லை என்பதை நான் உனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

நான் இங்கே படிக்க வந்த காலத்தில், என் கடைசிப் பரீட்சைகளுக்கு முன்னால், என் அப்பா கொழும்பில் இறந்துபோனார். மாரடைப்பு. எனக்கு யாரும் சொல்லவில்லை. பிள்ளை படிப்பைக் குழப்பிப்போடுவாள், சோதனை முடியட்டும் என்று என் அண்ணா, உன் மாமா, முடிவெடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அங்கே போன் எடுப்பேன். அப்பா எங்கே என்று கேட்டால், குளிக்கிறார், கோயிலுக்குப் போயிட்டார், இப்பதான் படுத்தவர் என்பார் அண்ணா. நானும் நம்பினேன். அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். சிநேகிதிகளோடு கடற்கரைக்குப் போனேன், ஒரு பிறந்தநாள் விழாவில் பாட்டுப் பாடினேன், சிவப்புச் சாறி வாங்கினேன். அப்பாவுக்குச் சேர்ட் ஒன்றும் வாங்கி வைத்தேன். கடைசிச் சோதனை எழுதி முடித்து வெளியே வந்தபோது, அண்ணா ஏற்பாடு செய்த ஒரு தூரத்து உறவுக்கார அன்ரி வாசலில் காத்துக்கொண்டு நின்றா. அவவின் முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. எல்லாம் முடிந்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்து, வீட்டில் எல்லோரும் அழுது ஓய்ந்த பிறகு நான் தனியே தொடங்கினேன். என்னில் உள்ள அன்பினால்தான் மறைத்தார்கள், தெரியும். ஆனால் என் அப்பா இல்லாத உலகத்தில் நான் அவருக்குச் சேர்ட் வாங்கிக்கொண்டு திரிந்தேன் என்பதை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசும். ஜோர்ஜ் விமானச் சீட்டு விசாரிக்கத் தொடங்கிவிட்டார் என்று எமிலி சொன்னபோது எனக்கு அந்தச் சேர்ட்தான் ஞாபகம் வந்தது.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை பண்ணைக்குப் போனோம். உன் அப்பாவுக்கு இதில் விருப்பமே இல்லை. ஆனால் விடியவே எழும்பி, நோபல் பார்க் கடைத்தெருவில் தனக்குப் பிடித்த கடையில் ஜோர்ஜ் சாப்பிடவென்று ரோல்ஸ் வாங்கி வைத்திருந்தார். நல்ல வெயில், புல்லெல்லாம் காய்ந்து வெள்ளையாகக் கிடந்தது. குசினி மேசையில் ஜோர்ஜ் இங்கிலாந்து வரைபடத்தை விரித்து, நாலு மூலையிலும் தேத்தண்ணிக் கோப்பைகளைப் பாரமாக வைத்திருந்தார். அதைக் கண்டதும் வழியெல்லாம் மனதில் அடுக்கிக்கொண்டு வந்த வார்த்தைகள் போய்விட்டன. ஆய்வுகூடத்தில் அறிக்கை வாசிக்கிற மாதிரித் தாய்வழி, தகப்பன்வழி என்று சொல்லிக்கொண்டு போனேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். நான் முடித்ததும் ஒரு கேள்விதான். ஆங்கிலத்தில் கேட்டதைத் தமிழில் எழுதுகிறேன்.

"அப்படியென்றால் இது அவளுடைய மரம் இல்லையா?"

"அவ நட்ட மரமாக இருக்கலாம். கொண்டுவந்த கொட்டை இல்லை" என்றேன்.

அவர் கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்தார். வரைபடத்தை மடித்தார், அதைப் பழைய மடிப்பிலேயே சரியாக மடிக்க அவருக்கு நேரம் எடுத்தது. பிறகு தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போனார். குசினி ஜன்னலால் பார்த்தேன். பிளந்த மரத்துக்கு முன்னால், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். "இப்ப உமக்குச் சந்தோஷமோ?" என்று அப்பா மெதுவாகக் கேட்டார். உன் குரல் காதுக்குள் கேட்டது. நீ சொன்னதைக் கேட்டிருக்கலாமோ என்று அப்போது நினைத்தேன், ஒளிக்காமல் சொல்கிறேன்.

பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. உன் அப்பா ரோல்ஸ் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வெளியே போனார். மாமரத்துக்கும் பலாமரத்துக்கும் வித்தியாசம் தெரிந்தால் காணும் என்று வாழ்கிற மனிதர். இரண்டு பேரும் சரிந்து கிடந்த கிளையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து சாப்பிட்டார்கள். பிறகு அப்பா எனக்குச் சொன்னார், தனக்கு வாயில் வேறொன்றும் வரவில்லையாம், ஹன்னா வந்தபோது அவவுக்கு எத்தனை வயது, ஆரோடை வந்தவ என்று கேட்டாராம். நாங்கள் புதிதாக ஆரையும் கண்டால் கேட்கிற கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வியோடு ஜோர்ஜ் பேசத் தொடங்கினார். இரண்டு பேரும் திரும்பி உள்ளே வந்தபோது அவருடைய முகம் மாறியிருந்தது. கதிரையில் இருக்காமல் நின்றபடியே எனக்குச் சொன்னார்.

ஹன்னாவுக்கு அப்போது எமிலியைவிட வயது குறைவு. வந்த முதல் வருடமே அவளுடைய குழந்தை பிறந்து சில நாளில் இறந்துபோனது. அந்தக் காலத்தில் அவள் யாரோடும் பேசவில்லை, நட்ட கன்றுக்கு மட்டும் வேலி கட்டி, தண்ணீர் ஊற்றி, பனிக்குச் சாக்குப் போட்டு மூடிவிட்டுப் படுப்பாளாம். இது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அவளுடைய புருஷன் மாட்டுவண்டியில் பக்கத்துப் பெரிய ஊருக்குச் சாமான் ஏற்றி இறக்குகிறவன். அந்த ஊரின் பூங்காவைக் கடந்துதான் போகவேண்டும். அதுவும் தெரிந்ததுதான். இரண்டையும் ஒருவரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

"அவள் முதலில் நட்ட கன்றைச் செம்மறி தின்றிருக்கும். அல்லது பனியில் கருகியிருக்கும். அவள் காண முதல் அவன் கண்டிருக்கிறான்" என்றார் ஜோர்ஜ். "பூங்காவில் முளைத்துக் கிடந்த ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்து அந்த இடத்திலேயே வைத்திருக்கிறான். சாகும்வரைக்கும் ஒருவருக்கும் சொல்லவில்லை."

இதை எந்தச் சோதனையாலும் நிரூபிக்க முடியாது என்றேன். சொல்லத்தான் வேண்டும், அது ஊகம். தெரியும் என்று தலையாட்டினார். "அவனைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு கதையும் இல்லை. பெயரும் கல்லறையும்தான். இத்தனை வருடமும் நான் அவனுடைய மரத்துக்குக் கீழேதான் இருந்திருக்கிறேன்" என்றார். பிறகு தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, இன்னொரு தேத்தண்ணி போடட்டுமா என்று கேட்டார்.

திரும்பி வரும்போது எனக்குள் ஒரே குழப்பம். உண்மையை மறைப்பது பிழை என்று சொல்லத்தான் நான் அவ்வளவு தூரம் போனேன். அங்கே போனால், ஒரு உண்மையை மறைத்த மனிதனைத்தான் எனக்குப் பிடித்துப்போனது. பெட்ரோல் அடிக்க நிறுத்தின இடத்தில் உன் மாமாவுக்குக் கொழும்புக்குப் போன் எடுத்தேன். இத்தனை வருடத்தில் அவரிடம் கேட்காத ஒன்றைக் கேட்டேன். அப்பா செத்ததை எனக்கு மறைச்ச அந்த நாட்கள் உங்களுக்கு எப்படி இருந்தது, அண்ணா? அவர் சொன்னார்: "ஒவ்வொரு ஞாயிறும் உன்னோட கதைச்சு முடிய நான் வெள்ளவத்தைக் கடற்கரைக்குப் போயிடுவன். வீட்டில இருந்து அழ ஏலாது, அம்மா பாத்துக்கொண்டு இருப்பா. நீ அடுத்த கிழமையும் அப்பா எங்கை எண்டு கேப்பாய் எண்டு நினைச்சுக்கொண்டு கரையோரத் தண்டவாளத்தில குந்தியிருப்பன். எனக்கு எப்பிடி இருந்ததெண்டு நீ ஒருநாளும் கேக்கேல்லை." கேக்கேல்லைதான், அண்ணா என்றேன். நாங்கள் இரண்டு பேரும் அந்த வயதில் சேர்ந்து அழாத அழுகையை, அவர் அங்கேயும் நான் பெட்ரோல் நிலையத்திலுமாக அழுதோம். உன் அப்பா காற்றுப் பார்க்கிற சாட்டில் டயர்களைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

அன்று பின்னேரம்தான் உனக்குச் சொன்னேன். "இற் வோஸின்ற் யுவர்ஸ் ரு ரெல், அம்மா" என்று சொல்லிவிட்டு வைத்தாய். சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை என்பது பெரிய வார்த்தை. அதை நான் பல நாள் யோசித்தேன். என்னுடைய பதில் இதுதான்: ஜோர்ஜ் என்னிடம் கேட்டார். கேட்காத ஒருவரிடம் வலியப் போய்ச் சொல்லியிருந்தால் நீ சொன்னது சரி. ஆனால் கேட்டவருக்கு அந்த விடை சொந்தம், அதை நான் என் பையில் வைத்துக்கொண்டு உங்கள் கலியாணப் பந்தலில் சிரித்துக்கொண்டு நிற்க முடியாது. எமிலி அடுத்த நாள் எனக்குப் போன் எடுத்தாள். பயந்துகொண்டுதான் எடுத்தேன். "அன்ரி, என் அப்பா அந்த மரத்துக்குக் கீழேதான் இருக்கிறார், அது மாறவில்லைதானே" என்று கேட்டாள். மாறவில்லை, பிள்ளை என்றேன். "அப்படியென்றால் எனக்குச் சரி" என்றாள். உன்னைவிட அவள் கெட்டிக்காரி. அதையும் இந்தக் கடிதத்தில் எழுதிவிடுகிறேன்.

போன கிழமை ஜோர்ஜும் அப்பாவும் நானும் அந்தப் பெரிய ஊரின் பூங்காவுக்குப் போனோம். ஜோர்ஜ்தான் கூப்பிட்டார். ஏரிக்கரைப் பக்கம் பழைய அல்ஜீரிய ஓக் ஒன்று நிற்கிறது, நாலு பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாது. அதற்குப் பக்கத்தில் ஒரு ஆங்கிலேய ஓக். கீழே தரையெல்லாம் தொப்பி போட்ட கொட்டைகள், நடந்தால் காலடியில் நொறுங்குகின்றன. ஜோர்ஜ் அந்த மரத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். ஒரு இலை எடுத்துப்போய்ச் சோதித்துப் பார்க்கட்டுமா, இதுதான் தாயா என்று ஓரளவு சொல்லலாம் என்றேன். கொஞ்சம் யோசித்தார். வேண்டாம், எனக்குத் தெரியவேண்டியது தெரிந்துவிட்டது என்றார். இங்கிலாந்துப் பயணத்தை விட்டுவிட்டீர்களா என்று அப்பா கேட்டார். ஏன் விடவேண்டும் என்றார் ஜோர்ஜ். ஹன்னா அங்கே பிறந்தது பொய் இல்லையே, மரம் இங்கே பிறந்தால் என்ன? ஊர் தெரியாமலே போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வரப் போகிறாராம். அப்பாவையும் வரச்சொல்கிறார். அப்பா கடவுச்சீட்டைத் தேடுகிறார்.

இந்த மரத்தை உன் கலியாணத்துக்கு உவமையாகச் சொல்லப்போகிறேன் என்று நினைக்காதே. தமிழ்ச் சங்கத்து அங்கிள்மார் யாராவது மேடையில் சொல்லுவார்கள், நீ பொறுமையாகக் கேட்டுக்கொண்டு இரு. நீயும் எமிலியும் காற்றில் வந்து சந்தித்தவர்கள் இல்லை. ஒருவரையொருவர் பார்த்து, யோசித்து, சண்டைபிடித்துத் தெரிவு செய்தவர்கள். எனக்குச் சொல்ல இருப்பது வேறு. வீடு என்று ஒன்று நடத்தத் தொடங்கினால், ஒருவருக்காக ஒருவர் எதையாவது மறைக்கிற நாள் உங்களுக்கும் வரும். அந்த வண்டிக்காரன் செய்தது சரியா, உன் மாமா செய்தது பிழையா என்று கேட்டால் எனக்கு இன்னும் தெளிவான பதில் இல்லை. ஒன்று மட்டும் தெரியும். மறைத்தவன் தனியாகச் சுமக்கிறான். ஆகவே எமிலி எதையாவது உனக்கு ஒளித்தாள் என்று பிறகு தெரியவந்தால், ஏன் ஒளித்தாய் என்று கேட்க முதல், அந்த நாட்கள் உனக்கு எப்படி இருந்தது என்று கேள். நான் அதைக் கேட்க இருபத்தைந்து வருடத்துக்கு மேல் எடுத்தேன், நீ அவ்வளவு காலம் எடுக்காதே. உங்களுக்குப் பிள்ளைகள் பிறந்து அந்த மரத்தைப் பற்றிக் கேட்டால், ஹன்னாவின் கதையையும் சொல்லுங்கள், ஆய்வுகூடம் சொன்னதையும் சொல்லுங்கள். பிள்ளைகள் இரண்டையும் தாங்குவார்கள்.

கடைசியாக ஒன்று. இதைச் சொன்னால் அப்பா என்னோடு கோபிப்பார், ஆனாலும் சொல்கிறேன். ஒரு மாதமாக ஜோர்ஜ் பின்னேரங்களில் அப்பாவுக்குப் போன் எடுக்கிறார். கலியாணத்தன்று தன் பேச்சை முடிக்கும்போது உன்னைப் பார்த்துத் தமிழில் ஒரு வசனம் சொல்லவேண்டுமாம். அப்பா யோசித்து, அவருடைய நாக்குக்கு ஏலக்கூடியதாக ஒன்றைத் தெரிவுசெய்து கொடுத்தார்: "இது உன்ர வீடும்தான்." அவ்வளவுதான். முதல் நாட்களில் என்ன சொல்கிறார் என்றே எங்களுக்கு விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது. அன்றைக்கு எல்லோருக்கும் முன்னால் கொஞ்சம் தடுமாறுவார். நீ சிரிக்காதே, உதவி செய்யாதே, முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நில். முடித்ததும் அவசரப்பட்டு ஆங்கிலத்தில் நன்றி சொல்லிவிடாதே. ஆம் என்பதை எங்கள் பேச்சிலேயே, ஓம் என்று சொல். அந்தப் பதில் அவருக்கு விளங்கும், அப்பா அதையும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

அம்மா